பெரியப்பாவோட டட்சன் 620: கம்மி காசுல துரு எடுத்து, ரெண்டு இன்ச் எறக்கின கதையும் வழியும்

எங்க ஊரு மலேசியாவுல சுங்கை சிப்புட், ஈப்போவுல இருந்து வடக்க அரைமணி நேர ஓட்டம். சுத்தி தோட்டம்தான், முன்ன பால்மரம், அதாவது ரப்பர், இப்ப முக்காவாசி செம்பனை, எண்ணெய் எடுக்கற பனை. பெரியப்பா இந்த டட்சன் 620 பிக்கப்புல வருஷக்கணக்கா ஒட்டுப்பால், அதாவது உறைஞ்ச ரப்பர் பால், ஏத்துனாரு, அப்புறம் செம்பனைக்கு உரம் ஏத்துனாரு, முட்டி வலி வந்தப்புறம் தோட்டத்து வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னால ஒரு ரம்புத்தான் மரத்தடியில நிறுத்துனது அப்படியே நின்னுருச்சு. 620 மாடல் 1972-ல இருந்து 1979 வரைக்கும் வந்துச்சு. எங்க வண்டிக்கு ஜே15 இஞ்சின், 1500 சிசி, நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்கு. நான் எடுத்து செய்ய ஆரம்பிச்சப்போ பார்த்தவங்க எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி, எப்ப வண்டியோட உயரத்தை எறக்கப் போறேன்னு. நான் எல்லாருக்கும் சொன்னது, எறக்குறது ரெண்டு நாள் வேலை, அதுக்கு முன்னால ஒரு வருஷ வேலை இருக்கு, அதை முடிக்காம எறக்குனா துருப்பிடிச்ச சாசி (வண்டியோட அடிச்சட்டம்) மேல இருக்கற பாரத்தை இன்னும் கூட்டுறோம்னு அர்த்தம். இங்க எழுதறதும் அந்த வரிசையிலதான் போகுது.

மொதல்ல கிராண்ட், அதாவது வண்டியோட பதிவு அட்டை, எடுத்து வெச்சு சாசி நம்பரும் இஞ்சின் நம்பரும் வண்டியில இருக்கறதோட ஒத்து வருதான்னு பாருங்க. ஒத்து வரலைன்னா ஒரு நட்டைக்கூட கழட்டாதீங்க, மொதல்ல ஜேபிஜே, அதாவது சாலைப் போக்குவரத்து இலாகா, போய் கேளுங்க, ஏன்னா பேர் மாத்தும்போது புஸ்பாகோம் மாதிரி வண்டி சோதனை நிலையத்துல பி5 இன்ஸ்பெக்‌ஷனுக்கு போகணும், அங்க அந்த நம்பரைத்தான் பாப்பாங்க. சாசி நம்பர் அடிச்சிருக்கற எடத்தை கண்டுபிடிச்சு போட்டோ புடிச்சு, மேல கிரீஸ் தடவி, டேப் ஒட்டிருங்க. துரு எடுக்கற வேகத்துல கிரைண்டர் அந்த எடத்துல பட்டா நம்பர் போயிரும், வண்டியும் கதை முடிஞ்ச மாதிரிதான். கையில தேய்ங்க, மெஷினை அந்தப் பக்கம் கொண்டு போகவே வேணாம்.

இப்ப துரு. இதுலதான் கொஞ்ச நேரம் நிக்கணும். தோட்டத்துல ஓடுன வண்டிக்கு வர்ற துரு டவுன்ல ஓடுன காடிக்கு, அதாவது காருக்கு, வர்ற துரு மாதிரி கெடையாது. ஒட்டுப்பால்ல இருந்து வடியற தண்ணி புளிச்ச தண்ணி, பாலை உறைய வைக்க ஊத்துற ஃபார்மிக் ஆசிட்டும் அதுல சேர்ந்திருக்கும், அது பின்னாடி சாமான் ஏத்துற டப்பாவோட தையல்ல எறங்கி உள்ள உக்காந்துக்கும். அதை விட மோசம் உரம். பொட்டாஷ் உரம்னா பொட்டாசியம் குளோரைடு, அதுவும் ஒரு உப்புதான், மூட்டை கிழிஞ்சு சாசி மேல கொட்டுனது நம்ம ஊரு ஈரத்துல கரைஞ்சு கரைஞ்சு உள்பக்கமா இரும்பைத் தின்னுக்கிட்டே இருக்கும். கூடவே செம்மண்ணு. சாசி பெட்டி மாதிரி மூடுன எடத்துல செம்மண் போய் அடைச்சிக்கிட்டா அது ஸ்பாஞ்சு மாதிரி, வெளிய வெயில் கொளுத்துனாலும் உள்ள ஈரமாவே இருக்கும்.

பாக்கறதுக்கு கெரேஜ் மெஷின் எதுவும் வேணாம், ஒரு சின்ன சுத்தியலும் பழைய ஸ்குரூ டிரைவரும் போதும். வண்டிய ஸ்டேண்டு மேல ஏத்தி வெச்சு, சாசியை முன்னாடி இருந்து பின்னாடி வரைக்கும் ரெண்டு விரல் இடைவெளிக்கு ஒரு தட்டு தட்டிக்கிட்டே போங்க. நல்ல இரும்பு டங்குன்னு கத்தும், கெட்டுப்போனது டொக்குன்னு சத்தத்தை முழுங்கிரும். எங்க வண்டியில முன்னாடி ஃபுல்லா டங்கு டங்குன்னு வந்துச்சு, பின்னாடி இடது பக்கம் லீஃப் ஸ்பிரிங்கு மாட்டியிருக்கற ஹேங்கர்கிட்ட வந்ததும் டொக். ஸ்குரூ டிரைவரை வெச்சு அழுத்துனேன், பிஸ்கட்டுல குத்துற மாதிரி உள்ள போச்சு, இழுத்தப்போ ஒரு கைப்பிடி செம்மண்ணு கொட்டுச்சு. அந்த எடத்துலதான் லீஃபோட முழு இழுப்பும் வருது, அதை அப்படியே விட்டுட்டு எறக்கியிருந்தா ஹைவேயில என்ன நடந்திருக்கும்னு நெனைச்சாலே இன்னைக்கும் வயித்தைக் கலக்குது. அதே மாதிரி கேபின் மூலை, கதவுக்குக் கீழ ஓடுற பெட்டி, கால் வைக்கற தட்டு, முன் கண்ணாடிக்குக் கீழ ரப்பர் ஓரம், முன் ஃபெண்டரோட அடிப்பக்கம், டப்பாவோட முன் சுவருக்கும் கேபினுக்கும் நடுவுல, இந்த எடமெல்லாம் விடாம குத்திப் பாருங்க.

கழுவுறதை யாரும் பெருசா எடுத்துக்கறதில்ல, ஆனா உப்பு போகாம மேல என்ன பூசினாலும் ஆறு மாசத்துல கொப்பளிச்சிரும். கார் கழுவுற கடையில காசு குடுத்து அடிப்பக்கம் வாட்டர் ஜெட் அடிச்சோம், அதுக்கப்புறம் வீட்டுல ஹோஸ் பைப்பை சாசி ஓட்டைக்குள்ள விட்டு தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் ரெண்டு சனிக்கிழமை ஓட விட்டேன். அப்புறம் நல்லா காயணும், ரெண்டு மூணு நாள் வெயில்.

சின்னச் சின்ன சாமான்களுக்கு, அதாவது பிராக்கெட்டு, கதவு கீலு, பேட்டரி தட்டு, டெயில்கேட் கொக்கி இதுக்கெல்லாம் கரண்டு வெச்சு துரு எடுக்கற வழி இருக்கு, ரொம்ப மலிவு. ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி, நாலு லிட்டர் தண்ணிக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா, அதாவது சோடியம் கார்பனேட், சமையல் சோடா கெடையாது. பழைய மாடல் 12 வோல்ட் பேட்டரி சார்ஜர் ஒண்ணு. துருப்பிடிச்ச சாமான்ல சார்ஜரோட நெகட்டிவ், ஒரு பழைய இரும்புத் தகடுல பாசிட்டிவ், ரெண்டும் தண்ணிக்குள்ள ஒண்ணை ஒண்ணு தொடக்கூடாது. ஒயரை மாத்திக் குடுத்துட்டீங்கன்னா நல்ல சாமானை கரைச்சிரும், அதனால போடறதுக்கு முன்னால ரெண்டு வாட்டி பாருங்க. அந்தத் தகடு எவர்சில்வரா இருக்கக்கூடாது, அதுல இருக்கற குரோமியம் கரைஞ்சு விஷமாயிரும். தண்ணில இருந்து வர்ற குமிழி ஹைட்ரஜன், தீப்பிடிக்கும், அதனால மூடுன ரூம்ல வேணாம், வராண்டாவுல வைங்க, பக்கத்துல சிகரெட் கூடாது, சாமானை எடுக்கறதுக்கு முன்னால சார்ஜரை ஆஃப் பண்ணுங்க. ஒரு ராத்திரி விட்டா காலைல கருப்பா சேறு மாதிரி ஒட்டியிருக்கும், பிரஷ் போட்டா போயிரும். கழுவித் தொடச்சதும் அன்னைக்கே பிரைமர் அடிச்சிருங்க, நம்ம ஊரு காத்துல மதியத்துக்குள்ள மறுபடி மஞ்சள் பூத்துரும். இன்னொண்ணு முக்கியம், லீஃப் ஸ்பிரிங்கு, டோர்ஷன் பாரு (முன்பக்கம் ஸ்பிரிங்கா வேலை செய்யற முறுக்குக் கம்பி), பெரிய பாரம் தாங்குற போல்ட்டு, இதையெல்லாம் இந்தத் தொட்டியில போடாதீங்க. ஹைட்ரஜன் உள்ள போய் கெட்டி இரும்பை நொறுங்க வெச்சிரும். அதுக்கெல்லாம் வயர் பிரஷ்தான்.

சாசிக்கு கிரைண்டர்ல வயர் கப்பு போட்டு எடுத்துட்டு, குழியில மிச்சம் இருக்கறதுக்கு பாஸ்பாரிக் ஆசிட் இருக்கற ரஸ்ட் கன்வெர்ட்டர் தடவுங்க. கண்ணாடி போடாம கிரைண்டர் புடிக்கவே கூடாது, கப்புல இருந்து பிச்சுக்கிட்டு வர்ற ஒரு கம்பி போதும் கண்ணுக்கு. ஓட்டை விழுந்த எடத்துக்கு பட்டி, ஃபைபர் வெச்சு மூடறது கேபின் மூலைக்கு வேணும்னா கொஞ்ச நாள் தாங்கும், சாசிக்கு ஒரு நாளும் வேணாம். கெட்ட இரும்பை வெட்டி எடுத்துட்டு அதே கனம் உள்ள தகடு வெச்சு வெல்டிங் பண்ணணும். இதை நான் செய்யலை, சாசி வெல்டிங் நல்லா தெரிஞ்ச லோரி பட்டறை ஆளுகிட்ட குடுத்தேன், இந்த வண்டியிலேயே ஒரே சமயத்துல நான் அதிகம் செலவு பண்ண 650 வெள்ளி (ரிங்கிட்) அதுக்குத்தான், ஒரு சென்னு கூட வீண் இல்ல. வெல்டிங்கு முன்னால பேட்டரியையும் பெட்ரோல் டேங்கையும் கழட்டி தள்ளி வைங்க. டேங்குல ஓட்டைன்னா அதுல யாரையும் வெல்டிங் வைக்க விடாதீங்க, காலி டேங்குதான் வெடிக்கும்.

அடுத்தது பிரேக்கு. இதுல மட்டும் யோசிக்காம காசு போடுங்க. வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ், பிரேக் ஷூ, மாஸ்டர் சிலிண்டர் கிட்டு, எல்லாமே புதுசு. ரப்பர் ஹோஸ் வெளிய நல்லா இருந்தாலும் உள்ள வீங்கி அடைச்சிருக்கும், பிரேக்கை விட்டப்புறமும் சக்கரம் புடிச்சிக்கிட்டே இருந்தா முக்காவாசி அதுதான் காரணம். நான் மொத வாட்டி ஒரு கடையில கேட்டு வாங்குன ஹோஸ் அரை இன்ச் கட்டை, ஸ்டேரிங் முழுசா ஒடிச்சா இழுத்துக்கிட்டு நின்னுச்சு, திருப்பிக் குடுத்துட்டு பழசையே கையில எடுத்துக்கிட்டுப் போய் பக்கத்துல வெச்சு அளந்து வாங்குனேன். நீங்களும் எல்லா சாமானுக்கும் பழசை கையில எடுத்துக்கிட்டு போங்க, பேர் சொல்லி வாங்காதீங்க. பிரேக் லைன்ல மாட்டுன காத்து எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டர்ல இருந்து ரொம்ப தூரம் இருக்கற சக்கரத்துல ஆரம்பிக்கணும், நம்ம வண்டி வலது பக்க ஸ்டேரிங், அதனால பின் இடது, பின் வலது, முன் இடது, கடைசியா முன் வலது. சாமான் தேட ஈப்போ பக்கம் இருக்கற பொட்டோங் கடைங்கள்ல, அதாவது பழைய வண்டிய வெட்டி சாமான் விக்கற கடைங்கள்ல, காலைலயே போய் நில்லுங்க, தவுக்கே, அதாவது முதலாளிகிட்ட மரியாதையா பேசி உள்ள போய் நீங்களே கழட்டிக்கறேன்னு சொன்னா வெலை கொறையும். பிரேக்கு சாமானும் போல்ஜாயினும் (முன் சக்கரத்தைத் தாங்குற பால் ஜாயிண்ட்) மட்டும் பொட்டோங் கடையில வாங்க வேணாம்.

இஞ்சினைப் பத்தி நெறைய சொல்ல மாட்டேன், ஜே15 எளிமையான இஞ்சின், தண்ணி, எண்ணெய், பிளக்கு, பாயிண்டு, காபிரேட்டர் கிளீன் பண்ணி சுத்தமான பெட்ரோல் குடுத்தா எழுந்து நிக்கும். ரொம்ப வருஷம் நின்ன வண்டிய சாவி போட்டு உடனே சுத்தாதீங்க, பிளக்கைக் கழட்டி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ரெண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊற வெச்சு கையால சுத்திப் பாருங்க, அப்புறம் கம்ப்ரெஷன் பாருங்க. நாலும் ஒண்ணுக்கொண்ணு கிட்டக்கிட்ட இருந்தா இஞ்சினைத் தொறக்கவே வேணாம், அந்தக் காசு சாசிக்கு.

பெயின்ட்டும் சுருக்கமா. நான் ரோலர்லதான் அடிச்சேன், நல்ல எனாமல், சின்ன ஸ்பாஞ்சு ரோலர், மெலிசா ஆறு கோட்டு, நடுநடுவுல தண்ணி தொட்டுத் தேய்க்கற உப்புத்தாள். எங்க ஊர்ல சாயங்காலம் மூணு மணிக்கு மேல மழை வரும்னு வெச்சுக்கோங்க, அதனால காலைல பனி காஞ்சதும் ஆரம்பிச்சு மதியத்துக்குள்ள முடிச்சிரணும், ஈரக்காத்துல அடிச்சா பளபளப்பு வெளுத்துரும். ஹார்டனர் கலந்து அடிக்கற 2கே பெயின்ட் ஸ்பிரே அடிக்கணும்னா அதுல ஐசோசயனேட்ங்கற விஷ ரசாயனம் இருக்கு, துணி மாஸ்க்கு, தூசி மாஸ்க்கு எதுவும் நுரையீரலைக் காப்பாத்தாது, அதை மட்டும் பெயின்ட் கடைக்காரங்ககிட்ட விட்டுருங்க. கலரை மாத்துறதா இருந்தா ஜேபிஜேகிட்டயும் சொல்லணும். நான் பெரியப்பா வெச்சிருந்த அதே வெளிர் பச்சைதான் அடிச்சேன், கதவுக்குள்ள வெயில் படாத எடத்துல இருந்து கலர் எடுத்தோம்.

இப்ப எல்லாரும் காத்துக்கிட்டு இருந்த எடத்துக்கு வரலாம். மொத விஷயம், ஜேபிஜே அனுமதி இல்லாம வண்டியோட அமைப்பை மாத்தறது 1987 போக்குவரத்துச் சட்டப்படி குத்தம், ஆக்சிடென்ட்டு ஆனா இன்சூரன்ஸ்காரன் அதையும் கேப்பான். அதனால வேலைக்கு முன்னாலயே ஆபீஸ்ல போய் என்ன செய்யப் போறீங்கன்னு சொல்லி கேளுங்க, வாங்குன சாமான் ரசீது எல்லாம் ஃபைல்ல வைங்க. ரெண்டாவது, எவ்வளவு எறக்கறது. ரெண்டு இன்ச். அதுக்கு மேல போனா பின் அச்சு சாசியில முட்ட ஆரம்பிக்கும், அதுக்கு சாசியை வளைவா வெட்டி பலகை வெச்சு வெல்டிங் பண்ணணும், அது பட்ஜெட் வேலையும் கெடையாது, வீட்டு வேலையும் கெடையாது. நம்ம தோட்டத்து ரோட்டுல இருக்கற குழிக்கும் பள்ளிக்கூடத்து முன்னால இருக்கற ஹம்ப்புக்கும் ரெண்டு இன்ச்சே போதும், பாக்கறதுக்கும் அந்த வளைஞ்ச பக்கவாட்டு பாடிக்கு அதுதான் அழகு. எறக்குனப்புறம் செம்பனைப் பழக்கொலையோ உரமோ ஏத்தலாம்னு நெனைக்காதீங்க, ஸ்பிரிங்கு எறங்கறதுக்கு மிச்சம் வெச்சிருந்த எடத்தைத்தான் நாம எடுத்துட்டோம்.

பின்பக்கம் மொதல்ல. தொடங்கறதுக்கு முன்னால அடியில படுத்து அச்சு லீஃபுக்கு மேல இருக்கா கீழ இருக்கான்னு பாருங்க. 620 மாதிரி ரெண்டு சக்கர டிரைவ் பிக்கப்புல அச்சு லீஃபுக்கு மேல உக்காந்திருக்கும், ரெண்டுக்கும் நடுவுல பிளாக்கு வெச்சா வண்டி எறங்கும். ஃபோர் வீல் டிரைவ் வண்டிங்கள்ல வழக்கமா அச்சு லீஃபுக்குக் கீழ, அதுல அதே பிளாக்கு வெச்சா வண்டி ஏறிரும். பிளாக்கு இரும்பு இல்லன்னா அலுமினியம், கடைசல் பட்டறையில செஞ்சது, கீழ லீஃபோட நடு போல்ட் தலை உக்காற ஓட்டையும் மேல அச்சுல உக்காற முளையும் இருக்கணும். கட்டை வெச்சு வேலை பாக்காதீங்க, ரெண்டு பிளாக்கை ஒண்ணு மேல ஒண்ணும் அடுக்காதீங்க. அச்சையும் லீஃபையும் சேர்த்துக் கட்டற யூ போல்ட்டு கண்டிப்பா புதுசு, பழையது ஒரு வாட்டி இழுத்துக் கட்டுன எடத்துலயே நீண்டு போயிருக்கும், நீளமும் பத்தாது. லோரி ஸ்பிரிங் கடையில பழசைக் காட்டி ரெண்டு இன்ச் கூட்டி வளைச்சுக் கேளுங்க.

சாசியை லீஃபோட முன் ஹேங்கருக்கு முன்னால ஸ்டேண்டுல நிறுத்துங்க, ஜேக்கை நம்பி அடியில போக வேணாம். அச்சுக்கு அடியில ஜேக்கு குடுத்து லேசா தாங்குங்க, அப்சோபரோட (ஷாக் அப்சார்பர்) கீழ் போல்ட்டைக் கழட்டுங்க, ஒரு பக்கம் மட்டும் யூ போல்ட்டை எடுங்க, துருப்பிடிச்சு வரலைன்னா கிரைண்டர்ல வெட்டிருங்க. ஜேக்கை மெதுவா ஏத்துனா அச்சு லீஃபை விட்டு மேல போகும், அந்த எடைவெளியில பிளாக்கு. முளை ரெண்டும் ஓட்டையில விழுந்துச்சான்னு விரலை உள்ள விடாம டார்ச் அடிச்சுப் பாருங்க, அரை மில்லி விலகி உக்காந்தாலும் அச்சு கோணிக்கும், வண்டி நண்டு மாதிரி ஒரு பக்கமா ஓடும். யூ போல்ட் நாலு நட்டையும் குறுக்க குறுக்க கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க, கடைசி இறுக்கம் வண்டி தரையில நின்னப்புறம், மேனுவல்ல இருக்கற அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டற டார்க் ரெஞ்சுல. அப்புறம் பிரேக் ஹோஸ் எங்கயாவது உரசுதான்னு பாருங்க. அச்சு சாசியில இடிக்காம தடுக்கற பம்ப் ஸ்டாப் ரப்பரை பாதி வெட்டலாம், புடுங்கி எறியக்கூடாது.

லீஃபை காஸ் டார்ச் நெருப்பு வெச்சு சூடு பண்ணி எறக்கித் தர்றேன்னு யாராவது சொன்னா வண்டிய எடுத்துக்கிட்டு வந்துருங்க. ஸ்பிரிங் இரும்பு பதம் போட்டது, சூடு பட்ட எடத்துல பதம் போயிரும். எங்க மாமா பையன் அவனோட வண்டிக்கு அப்படித்தான் செஞ்சான், மலிவா முடிஞ்சுச்சு, நாலே மாசத்துல வலது பக்கம் தானா தொங்கிருச்சு, அதே வாரம் மெயின் லீஃபு சூடு பண்ண எடத்துலயே ஒடிஞ்சது. கோலகங்சார் ரோட்டுல மெதுவா வந்துக்கிட்டு இருந்தான், அதனால இன்னைக்கு நம்மகிட்ட இருக்கான்.

முன்பக்கம் டோர்ஷன் பாரு, இதுக்கு சாமானே வாங்க வேணாம், அட்ஜஸ்ட் நட்டைத் திருப்பறதுதான். தட்டையான சிமெண்டுல நிறுத்தி, சக்கர நடுவுல இருந்து ஃபெண்டர் ஓரம் வரைக்கும் ரெண்டு பக்கமும் அளந்து எழுதுங்க. பாருக்குப் பின்னால இருக்கற ஆங்கர் போல்ட்ல எத்தனை மரை வெளிய தெரியுதுன்னு எண்ணி, பெயின்ட்ல ஒரு கோடு போடுங்க. முன்பக்கத்தைத் தூக்கி பாரம் எடுத்துட்டு, லாக் நட்டை விட்டு, அட்ஜஸ்ட் நட்டை ரெண்டு சுத்து லூசாக்குங்க, இன்னொரு பக்கமும் அதே ரெண்டு சுத்து. எறக்கி, வண்டிய முன்னும் பின்னும் உருட்டி, மூக்கை நாலஞ்சு வாட்டி அமுக்கிவிட்டு அப்புறம் அளங்க, உருட்டாம அளந்தா பொய் அளவு வரும். அரை அரை இன்ச்சா போங்க. டோர்ஷன் பாரைத் தளத்துனா ஸ்பிரிங்கோட கெட்டித்தன்மை மாறாது, உக்காற உயரம் மட்டும்தான் மாறும், அதனால குழியில விழுந்தா பம்ப் ஸ்டாப்பு சீக்கிரம் அடிக்கும், நான் முன்பக்கம் ஒன்றரை இன்ச்லயே நிறுத்துனதுக்கு அதுதான் காரணம். பாரைக் கழட்ட வேண்டி வந்தா இடது வலது மாறிராம அடையாளம் போடுங்க, ஒரு பக்கம் முறுக்கிப் பழகுன பாரை இன்னொரு பக்கம் போட்டா ஒடிஞ்சிரும்.

அன்னைக்கே அலைன்மென்ட்டு கடைக்குப் போயிருங்க. எறக்குனா சக்கரத்தோட மேல்பக்கம் உள்ள சாயும், டோவும், அதாவது ரெண்டு முன் சக்கரமும் உள்ளயோ வெளியவோ திரும்பி நிக்கற அளவும், மாறும். மேல் ஆர்முக்கும் சாசிக்கும் நடுவுல சின்னத் தகடுங்க இருக்கும், அதைக் கூட்டிக் கொறைச்சுத்தான் சாய்வை சரி பண்ணணும், சின்ன வயசு போர்மேனுக்கு (மெக்கானிக்) இது தெரியாம இருக்கலாம், பழைய காடி பாக்கற ஆளைத் தேடிப் போங்க. ஹெட்லைட்டையும் ஒரு சுவத்துக்கு முன்னால நிறுத்தி திரும்ப அட்ஜஸ்ட் பண்ணுங்க, முன்னும் பின்னும் ஒரே அளவு எறங்கலைன்னா வெளிச்சம் எதுத்து வர்றவன் கண்ணுல அடிக்கும்.

மொத 100 கிலோமீட்டர் ஓட்டுனதும் யூ போல்ட்டை மறுபடி டார்க் ரெஞ்சுல இறுக்குங்க, கண்டிப்பா கொஞ்சம் ஏறும், எங்க வண்டியில எட்டு நட்டுல ஆறு நட்டு, ஒவ்வொண்ணும் கால் சுத்து ஏறுச்சு. அதோட டயரோட உள்பக்கம், ஃபெண்டர் அடி, பிரேக் ஹோஸ், இந்த மூணு எடத்துலயும் தேய்ஞ்ச தடம் இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க, ஒரு மாசம் கழிச்சு இன்னொரு வாட்டி. எங்க வண்டியோட அந்த மொத 100 கிலோமீட்டர்ல முக்காவாசி பெரியப்பாதான் பக்கத்து சீட்டுல, கண்ணாடிய எறக்கி விட்டுக்கிட்டு, பின்னாடி இடது ஹேங்கர் சத்தம் வருதான்னு காதைக் குடுத்துக்கிட்டே வந்தாரு. வரலை.